பணப்பெட்டியைத் தட்டிய பனிவீரர்

ஊரைக் கொளுத்தப் பணம் கேட்டால் உடனே கிடைக்கும். கொளுத்திய ஊருக்குக் கூரை போடப் பணம் கேட்டால், கணக்குப் பிள்ளை வெளியூர் போயிருப்பார்! முதல் உலக யுத்தம் 1918-ல் ஓய்ந்த பிறகு ஐரோப்பிய வல்லரசுகள் ஆடிய நாடகம் இதுதான். அந்தக் கொட்டகைக்குள்ளே துணிந்து நுழைந்து, பூட்டிய பணப்பெட்டியைப் பத்தாண்டு காலம் தட்டிக்கொண்டே இருந்தார் ஒருவர். பிரிட்ஜாப் நான்சென் என்பது அவர் பெயர்.

1861-ல் நார்வே நாட்டில், இன்று ஆஸ்லோ எனப்படும் நகரின் அருகே பிறந்தவர். உயிரியல் கற்றவர், நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனால் உலகம் அவரை அறிந்தது ஏட்டால் அல்ல, பனியால். 1888-ல் ஐந்து துணைவர்களோடு கிரீன்லாந்தின் பனிவெளியைச் சறுக்குக் கட்டைகளில் கடந்தார். ஆள் நடமாட்டமே அரிதான கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். திரும்பினால் பட்டினி, முன்னே போனால்தான் சோறு! 1893-ல் பிராம் என்னும் கப்பலை வடகடல் பனிக்கட்டியில் வேண்டுமென்றே உறையவிட்டு, நீரோட்டம் இழுத்த இழுப்பில் துருவத்தை நோக்கி மிதந்தார். 1895-ல் ஒரே ஒரு துணையோடு கப்பலை விட்டிறங்கி, அதுவரை எவரும் எட்டாத வட எல்லையை எட்டினார். துருவம் கிட்டவில்லை. கல்லடுக்கிய குடிசையிலே கரடி இறைச்சி தின்று குளிர்காலத்தைக் கழித்து, 1896-ல் ஊர் திரும்பினார்.

புகழ் வந்தது; பதவியும் வந்தது. நார்வே தனி நாடானதும் 1906 முதல் 1908 வரை லண்டனில் அதன் தூதராக இருந்தார். யுத்தத்தின்போது, போரில் சேராத நார்வேக்கும் ரொட்டித் தட்டுப்பாடு வந்தது. 1917-ல் வாஷிங்டன் சென்று, மாதக்கணக்கில் பேசி, தானியம் வர வழி செய்தார். உணவு அரசியலின் அரிச்சுவடியை அவர் கற்றது அங்கேதான்.

1920-ல் சர்வதேச சங்கம் (இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்பிருந்த அமைப்பு) ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்தது. யுத்தம் முடிந்து ஒன்றரை ஆண்டாகியும் லட்சக்கணக்கான கைதிகள் வீடு திரும்பவில்லை. சைபீரியாவில் வாடிய ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்களுக்கோ, அவர்களைப் போருக்கு அனுப்பிய சாம்ராஜ்யமே இல்லாமற்போயிருந்தது! சோவியத் அரசு அந்தச் சங்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை; சங்கத்து வல்லரசுகள் சோவியத் அரசை ஒப்புக்கொள்ளவில்லை. சங்கத்தோடு பேச மறுத்த மாஸ்கோ, நான்சென் என்ற தனி மனிதரோடு பேச இசைந்தது. அவர் கடன் கேட்டார், கப்பல் தேடினார், பால்டிக் கடல் வழியாகக் கைதிகளை ஏற்றி இறக்கினார். 1922-ல் அவர் கொடுத்த கணக்குப்படி, வீடு சேர்ந்தவர்கள் 4,27,886 பேர்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1921-ல் வோல்கா ஆற்றங்கரையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. உலக யுத்தம், உள்நாட்டு யுத்தம், அந்நியர் முற்றுகை, படைக்கும் நகருக்குமாக உழவனிடம் அரசு பறித்த தானியம் — இத்தனைக்கும் மேலே வானமும் பொய்த்தது. எழுத்தாளர் கார்க்கி உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். செஞ்சிலுவைச் சங்கங்களும் தருமச் சங்கங்களும் ஆகஸ்டில் ஜினீவாவில் கூடி, நிவாரணப் பொறுப்பை நான்செனிடம் தந்தன. அவர் மாஸ்கோ சென்றார். வெளிநாட்டு அமைச்சர் சிச்செரினோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

1921 செப்டம்பர் 30. ஜினீவாவிலே சர்வதேச சங்கத்தின் பேரவை. நெடிதுயர்ந்த அந்த மனிதர் எழுந்து கேட்டது தானமல்ல, கடன்: 50 லட்சம் பவுண்டு. ஒரு போர்க்கப்பல் கட்டும் செலவில் பாதி என்று அவரே கணக்குக் காட்டினார். கானடாவில் அமோக விளைச்சல், அமெரிக்காவில் வாங்குவாரின்றிக் கோதுமை மக்குகிறது, அர்ஜெண்டீனாவில் மக்காச்சோளத்தை ரயில் எஞ்சினுக்கு விறகாக எரிக்கிறார்கள், துறைமுகங்களில் சரக்கில்லாமல் கப்பல்கள் சும்மா நிற்கின்றன, மாலுமிகளுக்கு வேலையில்லை. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னார். முதல் உணவு ரயிலைச் செஞ்சேனை கொள்ளையிட்டதாகப் பத்திரிகைகள் கிளப்பிய கதை பொய் என்றும், பொய்யென்று தெரிந்த பிறகும் அது அச்சாகிறது என்றும் எடுத்துக்காட்டினார். சோவியத் ஆட்சிக்கு வலுச் சேர்க்க அவர் வரவில்லை. ஆட்சி பிடிக்கவில்லை என்பதற்காக இரண்டு கோடி மக்களைச் சாகவிடலாமா என்பதுதான் அவர் கேள்வி.

கைதட்டல் பலமாக இருந்தது. பணம் வரவில்லை. பெரிய அரசுகளின் பிரதிநிதிகள் அனுதாபம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார்கள். அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு மாநாடு கூட்டினார்கள். அங்கே பிறந்த ஞானம் என்ன? பழைய கடன்களை மாஸ்கோ ஒப்புக்கொள்ளட்டும், பிறகு புதுக்கடனைப் பார்க்கலாம் என்பது! ஜார் மன்னன் வாங்கிய கடனுக்கு வோல்காக் கரைக் குழந்தையின் கஞ்சிக் கலயம் ஈடாக வைக்கப்பட்டது. மார்வாடிக் கடையில்கூட அப்படியொரு அடகை எடுக்க மாட்டார்கள்.

நான்சென் ஜினீவாவில் உட்கார்ந்து புலம்பவில்லை. குளிர்காலத்தில் வோல்காப் பிரதேசத்துக்கே போய், பிணங்கள் குவிந்த இடுகாடுகளையும் எலும்புக்கூடாய் நின்ற பிள்ளைகளையும் படம் பிடித்தார். அந்தப் படங்களோடு நாடு நாடாகச் சென்று பேசினார். அரசாங்கம் மூடிய கையைத் திறக்கச் சாதாரண மக்களிடம் போனார். குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் சாராத்தோவ் வட்டாரத்தில் கஞ்சித்தொட்டி நடத்தியது. குவேக்கர் சமயத் தொண்டர்கள் புசுலுக் பகுதியில் உணவளித்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதிக வயிறுகளை நிரப்பியது நான்செனின் அமைப்பல்ல; அமெரிக்காவின் ஹூவர் நடத்திய நிவாரணம். சோவியத் கொள்கைக்குப் பரம எதிரியான ஹூவர், உச்ச நாட்களில் தினம் ஒரு கோடிப் பேருக்கு மேல் சோறு போட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் 2 கோடி டாலர் ஒதுக்கியது. விலை வீழ்ந்து தவித்த அமெரிக்க உழவனின் தானியம் அதனால் விலைபோயிற்று என்பதும் உண்மை. இருக்கட்டுமே! பசித்தவன் இலையில் விழுந்தது சோறுதான். அப்படியும் சுமார் 50 லட்சம் பேர் மாண்டார்கள். செப்டம்பரிலேயே அந்தப் பணம் கிடைத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

1922-ல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்தார். சோவியத் நாட்டில் மாதிரிப் பண்ணைகள் அமைக்கவும் அது பயன்பட்டது. இன்று கஞ்சி ஊற்றினால் போதாது, நாளைக்கு ஏர் ஓடவேண்டும் என்று அறிந்தவர் அவர். நாடிழந்த அகதிகளுக்கு அடையாளச் சீட்டு ஏற்பாடு செய்ததும் அதே ஆண்டுதான். நான்சென் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்ற அந்தச் சீட்டைப் பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் ஏற்றன.

அதே 1922-ல் துருக்கியோடு நடந்த போரில் கிரேக்கம் தோற்றது. ஸ்மிர்னா நகரம் எரிந்தது. ஐம்பது லட்சம் மக்களே வாழ்ந்த கிரேக்கத்துக்குள் சுமார் 12 லட்சம் அகதிகள் வந்து விழுந்தார்கள். பள்ளிக்கூடம், கோயில், நாடகக் கொட்டகை எங்கும் மனிதர்கள். இங்கே நான்சென் ஆதரித்த ஒரு யோசனையை நம்மால் மெச்ச முடியாது: இரு நாட்டுச் சிறுபான்மையினரையும் கட்டாயமாக இடம் மாற்றுவது. கொலைக்கு அஞ்சிச் சொன்ன யோசனைதான். என்றாலும், எந்த ஊரும் எரியாமலே மூட்டை கட்ட வேண்டியவர்கள் ஆனார்கள் கிரேக்கத்து முஸ்லிம்கள் மூன்றரை லட்சம் பேர்.

குடியேற்றத்துக்குப் பணம்? 1924-ல் சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் சுமார் ஒரு கோடி பவுண்டு கடன் திரட்டப்பட்டது. வட்டி 7 சதவிகிதம். 100 பவுண்டுப் பத்திரம் 88-க்கு விற்கப்பட்டது. ஆனாலும் வேலை நடந்தது. மாசிடோனியாவில் ஊர்கள் எழுந்தன; சதுப்பு நிலம் வயலாயிற்று; புகையிலையும் கம்பளமும் ஏற்றுமதியாயின. கடனென்றால் கேவலம் என்பவர்கள் அந்த ஊர்களைப் பார்க்கவேண்டும். கடனென்றால் கருணை என்பவர்கள் 1932-ல் கிரேக்கம் கடன் கட்ட முடியாமல் கைவிரித்த கணக்கைப் பார்க்கவேண்டும்.

கடைசியாக ஆர்மீனியா. யுத்த காலத்தில் படுகொலைக்கு ஆளாகித் தப்பியவர்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தார்கள். 1925-ல் நான்சென் நேரில் போனார். வறண்ட நிலத்துக்குக் கால்வாய் வெட்டி அவர்களைக் குடியமர்த்தத் திட்டம் தீட்டினார். எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு என்று கணக்கோடு வந்தார். யுத்தத்தின்போது ஆர்மீனியருக்கு வாக்குறுதிகளை வாரி வழங்கிய அரசுகள், சோவியத் ஆட்சியின் கீழுள்ள நிலம் என்று சொல்லி இழுத்தடித்தன. ஆண்டுதோறும் எழுந்து கேட்டார். ஆண்டுதோறும் அனுதாபம் கிடைத்தது. 1929-ல் சங்கம் அந்தத் திட்டத்தைக் கைகழுவியது.

அடுத்த ஆண்டு, 1930 மே 13-ல், லைசாக்கரில் தம் வீட்டிலேயே அவர் காலமானார். மே 17, நார்வேயின் தேசியத் திருநாள். அன்றே இறுதி ஊர்வலம். அவருடைய வீட்டுத் தோட்டத்தில்தான் கல்லறை.