மார்க் டொனஹியூ

மார்க் நியரி டொனஹியூ (மார்ச் 18, 1937 – ஆகஸ்ட் 19, 1975) அமெரிக்காவைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் இயந்திரவியல் பொறியாளரும் ஆவார். 1972 ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் வெற்றி பெற்றார். டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட போர்ஷே 917/30 தானுந்தை உருவாக்குவதில் பங்கெடுத்து, 1973 இல் அதனை ஓட்டி வட அமெரிக்காவின் கேன்-ஆம் தொடரின் வாகையரானார். 1975 இல் இன்டர்கூலர் எனப்படும் இடைக்குளிர்விப்பான்களைச் சேர்த்த அதே தானுந்தில், சுற்றுப்பாதை வேகத்தில் உலக சாதனை படைத்தார்.

இளமைக் காலம்

டொனஹியூ நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தார். ரோட் தீவு மாநிலத்திலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1959 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே தமது 1957 ஆம் ஆண்டு கோர்வெட் தானுந்தைக் கொண்டு பந்தயங்களில் ஈடுபடத் தொடங்கினார். 1961 இல் எல்வா கூரியர் என்னும் சிறு தானுந்தை ஓட்டி அமெரிக்க விளையாட்டுத் தானுந்துக் கழகத்தின் தேசிய வாகையர் பட்டத்தை வென்றார்.

பென்ஸ்கி அணியில்

அனுபவமிக்க ஓட்டுநரான வால்ட் ஹான்ஸ்கென் இவரது திறமையை அறிந்து ஊக்குவித்தார். 1966 இல் ஹான்ஸ்கென் லெ மான்ஸ் சோதனை ஓட்டத்தில் ஏற்பட்ட விபத்தில் இறந்தார். அவரது இறுதிச் சடங்கின்போதே, அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கி டொனஹியூவைத் தம் அணிக்கு அழைத்தார். அன்று தொடங்கிய கூட்டுறவு டொனஹியூவின் இறுதிவரை நீடித்தது.

இவர் ஓட்டுநராக மட்டுமன்றி அணியின் பொறியாளராகவும் பணியாற்றினார். எடை, காற்றோட்டம், தடுப்பு, எரிபொருள் நிரப்பும் நேரம் என ஒவ்வொன்றையும் அளந்து, பிறர் கவனிக்காத சிறு மேம்பாடுகளைத் தேடுவது இவரது வழக்கம். டிரான்ஸ்-ஆம் தொடரில் 1968, 1969 ஆம் ஆண்டுகளில் செவ்ரலே கமேரோவிலும் 1971 இல் ஏஎம்சி ஜாவ்லினிலும் வாகையரானார். 1972 இல் டர்போ எஞ்சின் பொருத்திய மக்லாரன் தானுந்தில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை மணிக்கு 162.962 மைல் (சுமார் 262 கி.மீ.) சராசரி வேகத்தில் வென்றார். இச்சாதனை 1984 வரை முறியடிக்கப்படவில்லை. பென்ஸ்கி அணிக்கு இப்பந்தயத்தில் கிடைத்த முதல் வெற்றியும் இதுவே.

போர்ஷே 917

1972 முதல் உலக விளையாட்டுத் தானுந்துத் தொடரில் எஞ்சின் கொள்ளளவு 3 லிட்டராக வரையறுக்கப்பட்டதால், போர்ஷே நிறுவனத்தின் 917 அத்தொடரில் பங்கேற்க இயலாமற்போனது. எஞ்சின் அளவுக்கு உச்சவரம்பு இல்லாத கேன்-ஆம் தொடரில் பென்ஸ்கி அணி மூலம் அதனை ஓட்டுவிக்க நிறுவனம் முடிவு செய்தது. சோதனைப் பணி டொனஹியூவிடம் ஒப்படைக்கப்பட்டது.

917 இன் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படும் 12 உருளைகளைக் கொண்டது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் இரு டர்போசார்ஜர்கள் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தின. ஆற்றல் பெருகியபோதிலும், ஓட்டுநர் விசைமிதியை முழுமையாக அழுத்தாத நிலைகளில் எஞ்சின் சீராக இயங்கவில்லை. டொனஹியூ ஜெர்மனிக்குச் சென்று, போர்ஷே பொறியாளர்களுடன் இணைந்து எரிபொருள் அளவைச் சரிசெய்து இக்குறையைப் போக்கினார்.

1972 ஜூலையில் ரோட் அட்லாண்டா ஓடுபாதையில் நடந்த சோதனையின்போது தானுந்தின் பின்பகுதி மேலுடல் கழன்று விபத்து நேர்ந்தது. முழங்காலில் பலத்த காயமடைந்த டொனஹியூவுக்குப் பதிலாக ஓட்டிய ஜார்ஜ் ஃபால்மர் அவ்வாண்டின் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு 5.4 லிட்டர் எஞ்சினும் 1,100 குதிரைத்திறனும் கொண்ட 917/30 உருவானது. அதனை ஓட்டிய டொனஹியூ 8 பந்தயங்களில் 6 இல் வென்று வாகையரானார்.

டல்லடேகா வேகச் சாதனை

1974 இல் கேன்-ஆம் தொடரில் எரிபொருள் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டதால் 917/30 தொடர்ந்து பந்தயமிட இயலவில்லை. எனவே அதனைக் கொண்டு சுற்றுப்பாதை வேகச் சாதனையை முறியடிக்க முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அப்போது ஏ. ஜே. ஃபாய்ட் மணிக்கு 217 மைலுக்கு மேற்பட்ட வேகத்துடன் அச்சாதனையைக் கொண்டிருந்தார்.

முதல் முயற்சி வெப்பத்தால் எஞ்சின் பழுதடைந்து தோல்வியுற்றது. இதன் காரணம் ஓடுபாதையின் தன்மையில் உள்ளது. கேன்-ஆம் பாதைகளில் வளைவுகள் மிகுதி. எஞ்சின் முழு ஆற்றலில் சில நொடிகளே இயங்கும். நீள்வட்டப் பாதையிலோ அது இடைவிடாது முழு ஆற்றலில் இயங்க வேண்டும். டர்போசார்ஜரில் அழுத்தப்படும் காற்று சூடாகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிசன் குறைகிறது. மேலும், உருளைக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி எரிந்து உந்துருளைகளைச் சிதைக்கக்கூடும். இதனைத் தவிர்க்க, அழுத்தப்பட்ட காற்று எஞ்சினை அடையுமுன் அதன் வெப்பத்தைக் குறைக்கும் இடைக்குளிர்விப்பான்கள் பொருத்தப்பட்டன. பந்தயங்களில் 917/30 இவையின்றியே ஓடியது குறிப்பிடத்தக்கது.

1975 ஆகஸ்ட் 9 அன்று அலபாமா மாநிலத்தின் 2.66 மைல் நீளமுள்ள டல்லடேகா பாதையில் டொனஹியூ மணிக்கு 221 மைலுக்கு மேற்பட்ட (சுமார் 356 கி.மீ.) சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். இச்சாதனையை 1979 இல் இத்தாலியின் நார்தோ பாதையில் மெர்சிடிஸ்-பென்ஸ் சி111 முறியடித்தது.

இறப்பு

1974 இன் தொடக்கத்தில் ஓய்வு பெற்றிருந்த டொனஹியூ, பென்ஸ்கி அணி பார்முலா 1 இல் நுழைந்தபோது அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் ஓட்ட வந்தார். டல்லடேகா சாதனைக்கு எட்டு நாட்களுக்குப் பின், ஆஸ்திரிய கிராண்ட் பிரீ பந்தய நாளன்று காலைப் பயிற்சியில் இவரது தானுந்தின் டயர் பழுதாகி, அது பாதையை விட்டு விலகி மோதியது. சிதறிய பாகங்கள் தாக்கிப் பாதைப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். டொனஹியூ முதலில் பெருங்காயமின்றித் தப்பியதாகவே தோன்றியது. பின்னர் தலைவலி கடுமையாகி நினைவிழந்த இவர், மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் ஆகஸ்ட் 19 அன்று கிராட்ஸ் நகரில் இறந்தார். அப்போது இவருக்கு வயது 38.

பிற்காலம்

பால் வான் வால்கன்பர்க் என்பவருடன் இணைந்து டொனஹியூ எழுதிய "த அன்ஃபேர் அட்வான்டேஜ்" என்னும் நூல் 1975 இல் வெளிவந்தது. தாம் ஓட்டிய ஒவ்வொரு தானுந்திலும் கண்ட குறைகளையும் அவற்றைத் தீர்த்த வழிகளையும், தமது தவறுகளையும் மறைக்காமல், இதில் பதிவு செய்துள்ளார். இவரது மகன் டேவிட் டொனஹியூவும் பந்தய ஓட்டுநரானார். தந்தை 1969 இல் வென்ற டேடோனா 24 மணிநேரப் பந்தயத்தை, 40 ஆண்டுகள் கழித்து 2009 இல் அவரும் வென்றார்.