மாஸ்கோ போகாத ‘ஸ்பைடர்மேன்’

மாணவர்களே, மலேசியாவில் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய தமிழர் யார் தெரியுமா? ஈப்போவில் என்னிடம் காற்பந்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களைக் கேட்டால் உடனே பதில் வருகிறது: கோல் காவலர் ஆர். ஆறுமுகம்! 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாத்திரம் நினைவூட்டுவது இவரைத்தான்.

ஆறுமுகம் 1953இல் போர்ட் கிள்ளானில் பிறந்தவர். நீண்ட கைகள், பந்து வரும் பக்கம் பாய்ந்து பறக்கும் உடல்வாகு. அதனால்தான் ரசிகர்கள் அவருக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். சிலாங்கூர் அணியிலும் தேசிய அணியிலும் அவர் கோல் கம்பத்தைக் காத்தார். 1977, 1979 சீ விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா தங்கம் வென்றபோது அவர் அணியில் இருந்தார்.

கோல் காவலரின் வேலை எளிதல்ல. அவர் காக்க வேண்டிய வாசல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பெனால்டி உதைக்கப்படுவதோ வெறும் 11 மீட்டர் தொலைவிலிருந்து. முன்னணி ஆட்டக்காரர் ஐந்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஆறாவதில் கோல் போட்டால் அவரைத் தோளில் தூக்குவார்கள். கோல் காவலர் ஐந்து பந்துகளைப் பிடித்து ஆறாவதை விட்டால் அரங்கமே அவரைத் திட்டும். விட்ட பந்தையே நினைத்துக்கொண்டு நின்றால் அடுத்த பந்தும் உள்ளே போய்விடும். அதை மறந்து மறுபடியும் தயாராக நிற்பதுதான் அந்த இடத்தில் முதல் திறமை.

அந்தத் திறமைக்குப் பெரிய சோதனை 1980இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். எதிரில் பலம் வாய்ந்த தென் கொரியா. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வாசலில் வானொலியைச் சூழ்ந்து நின்றவர்களில் சிறுவனாக நானும் ஒருவன். சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலைப் போட, 2-1 என மலேசியா வென்றது. 1972 மூனிக்கிற்குப் பிறகு மீண்டும் ஒலிம்பிக் வாய்ப்பு! மறுநாள் பால்மரக் காட்டிலும் அதே பேச்சுதான்.

ஆனால் ஆறுமுகம் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் சேர்ந்தது. நமக்குப் பதிலாக ஈராக் போனது. கால் இறுதி வரை முன்னேறியது. திடலில் ஜெயித்த இடம், திடலுக்கு வெளியே எடுத்த முடிவால் பறிபோனது. ஆட்டக்காரர்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. இனி எதற்காக ஓட வேண்டும் என்று கையுறையைக் கழற்றி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ மறுபடியும் கோல் கம்பத்துக்குத் திரும்பினார். எண்பதுகளிலும் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் தொடர்ந்து ஆடினார். 1981, 1982 ஆண்டுகளில் சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது.

அவருக்கு ஒலிம்பிக் வாய்ப்பு பிறகு கிடைத்ததா? இல்லை. 1988 டிசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்தில் மாண்டார். வயது 35 மட்டுமே. மலேசியக் காற்பந்து அணியும் அதன் பிறகு இன்றுவரை ஒலிம்பிக்கில் ஆடவில்லை.

உழைத்தால் எல்லாம் கிடைக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி இருந்தும் மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காமல் வாடும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மாநில அணித் தேர்வில் விடுபட்டு, மறுவாரமே பயிற்சிக்கு வராமல் போன பையன்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவும் வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் உடனே செய்யுங்கள்.

ஆனால் பரிசு ஒன்றை மட்டுமே நம்பி ஓடுகிறவன், அது கைநழுவியதும் நின்றுவிடுகிறான். ஆட்டத்தை நேசிக்கிறவனுக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது. மருத்துவம் படிக்க இடம் கிடைக்காதவருக்கு உயிரியல் மீதுள்ள ஆர்வம் எங்கும் போய்விடாது. படிவம் ஆறு, டிப்ளோமா என வேறு வாசல்கள் உண்டு. அணியில் இடம் கிடைக்காதவருக்குத் திடல் இன்னும் இருக்கிறது.

ஆகவே, இந்த ஆண்டு எதை இழந்திருந்தாலும் அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆறுமுகம் அடுத்த பந்துக்குத் தயாராக நின்றதுபோல் நீங்களும் நில்லுங்கள்.