வீரசேனாசாரியரும் பேரெண்ணும்

எண்ணியலைச் சுருத ஞானத்தின் உறுப்பாகவே போற்றிய திகம்பர ஆசாரியருள் தலையாயவர் ஸ்ரீ வீரசேனர். பஞ்சஸ்தூப அந்வயத்தைச் சேர்ந்த இவர் ஆரியநந்தியின் மாணாக்கர். சித்ரகூடத்தில் ஏலாசாரியரிடம் சித்தாந்தம் பயின்றார். பின்னர் வாடகிராமத்து ஜினாலயத்தில் தங்கி, புஷ்பதந்தரும் பூதபலியும் அருளிய ஷட்கண்டாகமத்திற்கு உரை வகுத்தார். பிராகிருதமும் வடமொழியும் மணிப்பிரவாளமாய் விரவிய அவ்வுரையே 72,000 கிரந்த அளவினதான தவளா. கி.பி. 816-இல் அது நிறைவுற்றதென்பது பதிப்பாசிரியர் ஹீராலால் ஜெயின் கணிப்பு. பூதபலி தமிழகம் நோக்கிச் சென்ற செய்தியையும் அவ்வுரையே நமக்கு உரைக்கிறது.

சீவர்களின் தொகையை ஆராயும் பகுதியில்தான் வீரசேனரின் பேராற்றல் முழுமையாய் வெளிப்படுகிறது. பரியாப்தி நிறைந்த மனிதர்கள், கோடியை மும்முறை பெருக்கிவரும் தொகைக்கு மேலும், நான்கு முறை பெருக்கிவரும் தொகைக்குக் கீழும் உள்ளனர் என்பது ஆகமத்தின் வரையறை. மேல் எல்லை, ஒன்றை அடுத்து 28 சுழியம் கொண்ட எண்.

ஆயின் ஆசாரியர் சிலர் திட்டவட்டமாகவே ஓர் எண்ணைக் கூறிவந்தனர். இரண்டை வர்க்கித்தால் 4. அதனை வர்க்கித்தால் 16. இவ்வாறே தொடர, ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. அதனையும் வர்க்கித்து ஆறாம் வர்க்கம் கண்டு, இவ்விரண்டையும் பெருக்கினால் 79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336 எனும் 29 இலக்க எண் வரும்.

இத்தகைய எண்களை ஆளுதற்குத் தவளா கையாளும் கருவி அர்த்தச்சேதம். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதே அது. மூன்றாலும் நான்காலும் வகுப்பதற்குத் திரிகச்சேதம், சதுர்த்தச்சேதம் என்பனவும் உண்டு. ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32, ஆறாவதன் அர்த்தச்சேதம் 64. எண்களைப் பெருக்கும்போது அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும் என்னும் விதிப்படி, மேற்கண்ட பேரெண்ணின் அர்த்தச்சேதம் 96. பள்ளிப் பிள்ளைகள் இன்று பயிலும் முறையில் கூறின், அதன் பகாக் காரணி இரண்டு ஒன்றே. அது 96 முறை வருகிறது. ஆகமத்தின் மேல் எல்லையோ வேறு இயல்பினது. அதில் இரண்டு 28 முறையும் ஐந்து 28 முறையும் காரணிகளாய் நிற்கும். இருபத்தெட்டு முறை பாதியாக்கியபின் எஞ்சுவது ஒற்றைப்படை எண். அதற்குமேல் பின்னமின்றிப் பாதியாக்க இயலாது.

இவ்விரு எண்களுக்கும் இலக்கங்கள் 29 தாம். இலக்கத்தை மட்டும் எண்ணி அமைபவர் இரண்டும் ஒக்கும் என மயங்கக்கூடும். ஆனால் ஒன்றன் முதல் இலக்கம் 1, மற்றதன் முதல் இலக்கம் 7. எனவே வழிவழி வந்த அவ்வெண் ஆகம எல்லையை மீறுகிறது. வீரசேனர் இதனை அறிந்திருந்தார். சூத்திரத்தைக் காட்டி வாதத்தை முடித்துவிடவும் இல்லை. 45 லட்சம் யோஜனை விட்டமுடைய மனித க்ஷேத்திரத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அத்துணை மாந்தர்க்கு அதில் இடமில்லை என நிறுவினார். அவ்வெண்ணைக் கொண்டோர் கூற்றுப் பொருந்தாதென மறுத்தார். முன்னோர் வாக்கை உயிரெனப் போற்றும் மரபினுள் நின்றே இதனைச் செய்ய மிக்க துணிவு வேண்டும். எனினும் வழக்கு அத்துடன் ஓயவில்லை. பிற்காலத்து நேமிசந்திரர் தம் கோம்மடசாரத்தில் அதே 29 இலக்க எண்ணை, எழுத்துகளால் எண் குறிக்கும் முறையில் பதிந்து வைத்தார்.

தவளாவை அடுத்துக் கஷாயபாகுடத்திற்கு ஜயதவளா உரையை வீரசேனர் தொடங்கினார். இருபதாயிரம் கிரந்தம் முடிந்த நிலையில் காலமானார். எஞ்சிய நாற்பதாயிரத்தை மாணாக்கர் ஜினசேனர் எழுதி, அமோகவர்ஷன் ஆட்சியில் கி.பி. 837-இல் நிறைவு செய்தார். மூடபித்திரியில் ஓலைச்சுவடிகளாய்க் காக்கப்பெற்ற தவளா, 1939 முதல் 1959 வரை 16 தொகுதிகளாக அச்சேறியது.