முக்தி இல்லம் கண்ட பண்டிதை ரமாபாய்

புனேயிலிருந்து தவுண்டு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கேட்காவ் என்னும் சிறிய நிலையம் ஒன்று உண்டு. விரைவு வண்டிகளில் செல்வோர் அதன் பெயர்ப்பலகையையும் கவனியாது கடந்து விடுவர். ஆயின் நூறாண்டுகளுக்கு முன்னர், உண்ண உணவும் ஒதுங்க நிழலும் அற்ற பெண்கள் பல நூற்றுவர் உயிர் பிழைத்த இடம் அது. அவர்களுக்கு அங்கே கதவு திறந்து வைத்தவர் பண்டிதை ரமாபாய் அம்மையார்.

அம்மையார் 1858-ஆம் ஆண்டில், கன்னட நாட்டு மலைக்காட்டில், மராத்திய அந்தணக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் அனந்த சாஸ்திரி பெரும் புலவர். பெண்களுக்கு வடமொழி கற்பித்தல் தகாது என்று பிறர் எதிர்த்தும், அவர் தம் மனைவிக்குக் கற்பித்தார். அம்மனைவியார் மகளுக்குக் கற்பித்தார். குடும்பம் புராணம் படித்துக் கிடைத்ததைக் கொண்டு தலந்தோறும் யாத்திரை செய்து வாழ்ந்தது.

1870-களில் பஞ்சம் வந்தது. புராணம் கேட்பாரும் இல்லை. பிடி அரிசி தருவாரும் இல்லை. சில மாத இடைவெளியில் தந்தையும் தாயும் தமக்கையும் மறைந்தனர். எஞ்சிய ரமாபாயும் தமையன் ஸ்ரீநிவாசரும் காட்டுப் பழங்களைத் தின்றும் பட்டினி கிடந்தும் பல்லாயிரம் கல் தொலைவு நடந்தனர். 1878-இல் கல்கத்தாவை அடைந்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் இவருடைய புலமையை வியந்து பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் சூட்டினர்.

புகழ் வந்ததே தவிர, துயரம் நீங்கவில்லை. 1880-இல் தமையன் இறந்தார். அவ்வாண்டிலேயே அம்மையார் விபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து மணந்தார். இரண்டாண்டு நிறைவதற்குள் கணவரும் காலராவால் மாண்டார். மனோரமா என்னும் கைக்குழந்தையுடன் தனித்து நின்றபோது அம்மையாருக்கு வயது 23.

மருத்துவம் கற்கும் நோக்குடன் 1883-இல் அவர் இங்கிலாந்து சென்றார். ஆங்கே, நெறி தவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களைக் கிறிஸ்தவக் கன்னியர் அன்புடன் பேணி வாழ்விப்பதைக் கண்டார். இதற்குக் காரணம் யாது என்று வினவியவருக்கு, கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசுபெருமான் உரையாடிய வரலாறு விடையாயிற்று. விதவையும் வீழ்ந்தவளும் இறைவன்முன் இழிந்தவர் அல்லர் என்ற நம்பிக்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் வான்டேஜ் என்னும் ஊரில் மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார். எனினும், ஆராயாது எதையும் ஏற்கும் இயல்பு அவருக்கு இல்லை. தமக்கு வழிகாட்டிய திருச்சபையாரிடமும் ஐயங்களை எழுப்பி வாதாடினார்.

தாய்நாடு திரும்பி, 1889-இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனம் என்னும் கல்வி இல்லத்தை நிறுவினார். மறு ஆண்டு அது புனேக்கு மாறியது. மாணவியரை மதம் மாற்றுகிறார் என்ற கண்டனம் 1893-இல் மூண்டு, பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். ஆதரித்த பெருமக்களும் விலகினர். கிறிஸ்தவர் சிலரோ, அவர் போதிய அளவு கிறிஸ்தவர் அல்லர் என்று குறை கூறினர். இரு பக்கமும் இடியுண்டும் அம்மையார் இல்லத்தை மூடவில்லை.

1896-இல் மத்திய மாகாணத்தில் கொடும் பஞ்சம் தோன்றியது. அமெரிக்க அன்பர்கள் உறுதியளித்திருந்த பத்தாண்டு உதவிக் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. நாளைக்கு என்ன செய்வது என்று கணக்குப் பார்த்திருந்தால், அவர் வீட்டை விட்டே புறப்பட்டிருக்க மாட்டார். ஆயின் தம் பெற்றோரைக் கொன்ற பசியை அவரால் மறக்க முடியவில்லை. இறைவன் வழி காட்டுவான் என்று துணிந்து பஞ்சப் பகுதிக்குச் சென்று, சுமார் 300 பெண்களை மீட்டு வந்தார். புனேயில் பிளேக் நோய் பரவியிருந்தமையால் அவர்களை நகரில் வைத்துக்கொள்ள இயலவில்லை. பழத்தோட்டத்திற்காகக் கேட்காவில் வாங்கியிருந்த நிலமே புகலிடமாயிற்று. அதுவே முக்தி இல்லம். 1900-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 2,000 பேர். கல்வியோடு நெசவும் அச்சுத் தொழிலும் தோட்ட வேலையும் பயின்று அப்பெண்கள் தம் காலில் நின்றனர்.

முதுமையில் அம்மையார் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்த்தார். 1921-இல் அருமை மகள் மனோரமா மறைந்தார். அத்துயரையும் தாங்கிப் பணியைத் தொடர்ந்து, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். 1989-இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் பணியாற்றி வருகிறது.

நம்பிக்கை என்பது துன்பம் வாராது என்ற உறுதி அன்று. அம்மையாருக்கு ஞானஸ்நானத்திற்குப் பின்னும் துன்பம் வந்தது; பழியும் வந்தது. தாம் பட்ட பசியைப் பிறர் படலாகாது என்று எழுந்து நடக்கும் வலிமையே அவர் கண்ட நம்பிக்கை. எம்மதத்தினராயினும், வேலையும் விலைவாசியும் குழந்தைகளின் வருங்காலமும் எண்ணி உறக்கமின்றிக் கிடக்கும் இரவுகள் நம் இல்லங்களிலும் உண்டு. அவ்வேளைகளில், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் துணிவு நமக்கு வருமாயின், அந்த அம்மையாரின் வாழ்க்கையை நாம் படித்தது வீண்போகாது.