அடுதொழில் வல்லார் அந்தோணி கரேம்

பாரிஸ் மாநகரத்தின் தெருமுனைகளிலே பிஸ்த்ரோ என வழங்கும் சிற்றுணவுச் சாலைகள் பல உள. துத்தநாகத் தகடு வேய்ந்த நீண்ட மேடையொன்று, நெருங்க இட்ட சிறு மேசைகள், அவற்றின்மேற் கட்டமிட்ட துணியோ காகிதமோ, அன்றைய உணவின் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதித் தூக்கிய கரும்பலகை ஆகிய இவையே பழைய முறையில் நடைபெறும் பிஸ்த்ரோவின் அணிகலன்கள். அமர்ந்தவுடன் கூடையில் ரொட்டித் துண்டுகளும் கேட்டவர்க்குக் கண்ணாடிக் குடுவையில் நீரும் வரும்; இவ்விரண்டிற்கும் விலையில்லை. அதன்பின் வருவது வெங்காயச் சாறாகலாம். கன்றிறைச்சியை வெண்குழம்பில் வேகவைத்த பிளாங்கெத் ஆகலாம். மாட்டிறைச்சியையும் கிழங்குகளையும் ஒரே பானையிற் பல நாழிகை மெல்லக் காய்ச்சிய பொத்தோபே ஆகலாம். இவை அரசர்க்குரிய உணவல்ல. ஒரு குடும்பத்துத் தாய் தன் அடுப்பில் ஆக்கும் உணவே.

ஆயினும், அவ்வெளிய உணவின் குழம்பு இன்னவாறு செய்யப்படல் வேண்டுமென்று இலக்கணம் வகுத்தவர் ஒருவர், பேரரசர்க்கும் இளவரசர்க்கும் சமைத்தவர். அவரே தம் இளமையில் இத்தகைய கடையொன்றிற் சட்டி தேய்த்து வளர்ந்தவர். மரீ அந்துவான் கரேம் என்பது அவர் பெயர். அந்துவான் என்பது நம் நாட்டில் அந்தோணி என வழங்கும் பெயரே. அந்தோனின் கரேம் என்றே உலகம் அவரை அழைக்கலாயிற்று.

கரேம் 1784 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8 ஆம் நாள் பாரிஸிற் பிறந்தார். 1783 என்பாரும் உளர். அந்நாளில் அரசியாயிருந்த மரீ அந்துவானெத்தின் பெயரைத் தழுவியே பிள்ளைக்குப் பெயரிட்டனர் என்பர். அரசியின் பெயரையிட்ட பெற்றோர்க்கு அவ்வரசியின் அரண்மனை உப்புங்கூட எட்டாத பொருள். தந்தை கட்டட வேலை செய்த கூலியாள். வீட்டிற் பிறந்த மக்களோ இருபதுக்கும் மேற்பட்டவர் என்று கூறுவர்.

1789 இல் பிரெஞ்சுப் புரட்சி தோன்றியது. பாரிஸில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1792 ஆம் ஆண்டையொட்டி ஒரு நாள், அத்தந்தை தன் சிறு மகனைக் கைப்பிடித்து நகர வாயிலளவும் அழைத்துச் சென்றான். வழியில் ஒரு கடையில் அவனுக்கு வயிறார உணவு வாங்கிக் கொடுத்தான். உண்டபின், இனி அவன் வீடு திரும்ப வேண்டாவென்றும், உலகில் நல்ல தொழில்கள் பல உளவென்றும், கூர்த்த அறிவுடையோர்க்கு இக்காலம் வாழ்வளிக்கும் காலமென்றும், தாங்களோ வறுமையிலேயே மடிய விதிக்கப்பட்டவரென்றும், அன்று மாலையே ஏதேனும் ஒரு நல்ல வீட்டின் கதவு அவனுக்குத் திறக்கக்கூடுமென்றும் சொல்லி, அங்கேயே விட்டுச் சென்றான். இவ்வரலாற்றைக் கரேமே பிற்காலத்திற் கூறியதாக அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். தந்தையையும் தாயையும் அவர் பின்னர்க் காணவேயில்லை என்பர்.

இச்செய்தியைப் படிக்குந்தோறும் எம் மனம் அமைதி பெறுவதில்லை. நற்செய்தி நூலிற் சொல்லப்படும் இளைய மகன் தானே வீட்டை விட்டகன்றான். தந்தையோ வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தான். ஈண்டுத் தந்தையே மகனைத் தெருவில் விட்டு மறைகின்றான். அவனைக் கொடியவன் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் கைவிடுமுன் கையிலிருந்த காசுக்கு உணவு வாங்கி ஊட்டியவனை அச்சொல்லால் மட்டும் அளந்துவிட முடியுமா என்று ஐயுறுகின்றோம். மணிமேகலையில் வரும் ஆபுத்திரனும் ஈன்றவளாற் கைவிடப்பட்ட பிள்ளையே. அவனுக்கு அமுதசுரபி கிடைத்தது. இச்சிறுவனுக்குக் கிடைத்ததோ கரியடுப்பு.

இரவு வந்தது. சிறுவன் தட்டிய கதவுகளுள் ஒன்று திறந்தது. அஃது ஏழைத் தொழிலாளர் உண்ணும் மலிவான உணவுக்கடை. கடைக்காரன் அவனுக்குப் படுக்க இடங்கொடுத்தான். மறுநாள் வேலையுங் கொடுத்தான். கூலி ஒன்றுமில்லை, உணவும் உறைவிடமுமே கூலி. விறகு சுமந்தும், காய் நறுக்கியும், பாத்திரம் விளக்கியும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கரேம் அங்கே கழித்தார். பேரரசர் பெயர்களெல்லாம் நிறைந்த அவருடைய வரலாற்றில் அக்கடைக்காரன் பெயரைக் கொண்டாடுவார் எவருமிலர். அவன் கதவைத் திறவாதிருந்தால் பின்னிகழ்ந்தவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

புரட்சியால் பாரிஸின் உணவுத் தொழிலும் மாறியிருந்தது. இன்ன பண்டத்தை இன்னாரே விற்கலாம் என்று கட்டுப்படுத்திய தொழிற்சங்கங்களின் தனியுரிமை 1791 இல் நீக்கப்பட்டது. பிரபுக்கள் நாட்டைவிட்டு ஓடவே, அவர்தம் மாளிகைகளில் வேலையிழந்த சமையற்காரர் சிலர் பொதுமக்களுக்கென உணவுச்சாலைகள் திறந்தனர். பலே ராயல் என்னும் அரண்மனையைச் சூழ்ந்த பகுதி இவ்வாணிகத்தின் நடுவிடமாயிற்று. அதனருகே விவியென் தெருவில் பாய்யி என்பவர் மாப்பண்டக் கடையொன்றைப் பெயர்பெற நடத்திவந்தார். 1798 ஆம் ஆண்டளவில் கரேம் அவரிடம் பயிற்சியாளராய்ச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினான்கிருக்கலாம்.

பாய்யி நல்ல முதலாளி. சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு, வாரத்தில் இரு நாள் பிற்பகல் வேலையினின்றும் விடுவித்து, கடைக்கு அண்மையிலிருந்த தேசிய நூலகத்துக்குச் செல்ல இசைந்தார். எழுத்தறிவு நிரம்பாத அவ்விளைஞர் அங்கே ஓவியத் தொகுதிகள் வைத்த அறையில் அமர்ந்து, கிரேக்கக் கோயில்கள், எகிப்தியக் கூர்ங்கோபுரங்கள், சீனத்து மண்டபங்கள், இந்தியக் கட்டடங்கள் ஆகியவற்றின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார், படிக்கவும் பழகினார். வாரம் இருமுறை நூலகஞ் செல்ல இசைவு பெற்ற ஒருவர் இத்துணை ஆக்கினார். நாள்தோறும் இசைவுபெற்ற நாம் அங்கே என்செய்கின்றோம் என்பதை நண்பர்களின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகின்றோம்.

வரைந்தவற்றை அவர் கடைக்குக் கொணர்ந்தார். சர்க்கரைப் பாகு, வாதுமை விழுது, பிசைந்த மாவு இவற்றாற் கோயில்களையும், சிதைந்த கோட்டைகளையும், அருவிகளையும் பல அடி உயரத்திற்கு எழுப்பினார். அவை பாய்யியின் கடைச் சாளரத்தில் வைக்கப்பட, தெருவிற் செல்வோர் நின்று நோக்கினர். நோக்கியவருள் ஒருவர் வெளிநாட்டமைச்சராகிய தாலிரான்.

தாலிரான் முன்னாளில் மேற்றிராணியார். பின்னாளில் அரசியற் சூழ்ச்சியில் ஐரோப்பாவிலேயே இணையற்றவர். உணவு மேசையும் அரசியற் கருவியே என்பதை நன்கறிந்தவர். நெப்போலியனுக்கோ உண்பதிற் பொழுது போக்குவது பிடியாது. எனினும் அயல்நாட்டுத் தூதர்களை விருந்தால் வயப்படுத்தவேண்டும் என்பதற்காக, 1803 இல் வாலான்சே என்னும் பெருமாளிகையைத் தாலிரான் வாங்கத் துணை செய்தார். தாலிரான் கரேமுக்கு ஒரு தேர்வு வைத்ததாகக் கூறுவர். ஓராண்டு முழுவதற்கும் உரிய உணவுப் பட்டியலை எழுதவேண்டும். ஒன்று மீண்டும் வரலாகாது. அவ்வப் பருவத்தில் விளைவனவற்றையே கையாளவேண்டும். கரேம் அதில் தேறினார். அவ்வீட்டுத் தலைமைச் சமையற்காரர் பூஷேயிடம் மாப்பண்டத் தொழிலோடு பிற சமையற் கலைகளையும் கற்றார்.

1814 மார்ச் 31 ஆம் நாள் நெப்போலியனை வென்ற நேசப்படைகள் பாரிஸினுள் நுழைந்தன. ருஷியப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் தாலிரானின் இல்லத்திலேயே தங்கினார். அவருக்குச் சமைத்தவர் கரேம். அந்நாட்களில் ருஷியக் குதிரைவீரர் மோன்மார்த்தர்க் குன்றின்மேலுள்ள கடைகளிற் புகுந்து, விரைவு என்னும் பொருள்பட பிஸ்த்ர என்று கூவி உணவு கேட்டனரென்றும், அதனாலேயே சிற்றுணவுச் சாலைக்குப் பிஸ்த்ரோ என்னும் பெயர் வந்ததென்றும் ஒரு கதை வழங்குகின்றது. அக்குன்றில் ஓர் உணவுச்சாலையின் சுவரிற் பலகையுந் தொங்குகின்றது. கதை இனியதே. ஆனால் பிரெஞ்சு எழுத்தில் அச்சொல் தோன்றுவது 1884 ஆம் ஆண்டளவிலேயே ஆதலின், இடைப்பட்ட எழுபது ஆண்டுகளை விளக்கமாட்டாத இக்கதையைச் சொல்லாராய்ச்சியாளர் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. மொழிநூல் பயிலும் நாமும் அவர் பக்கமே நிற்றல் தகும்.

1815 இல் கரேம் எழுதிய மாப்பண்ட நூல்கள் இரண்டு வெளிவந்தன. படங்களையும் அவரே வரைந்தார். 1816 இல் இங்கிலாந்து சென்று, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராகிய இளவரசரின் சமையற் கூடத்தை மேற்கொண்டார். பிரைட்டன் அரண்மனையிற் புதிதாய்க் கட்டிய அச்சமையற் கூடம் உயர்ந்த கூரையும், உச்சியிற் செம்பினாற் செய்த பனையோலை அணிந்த இரும்புத் தூண்களும் உடையது. 1817 ஜனவரியில் ருஷிய இளவரசர் நிக்கோலாவுக்கு அளித்த விருந்தில் நூற்றுக்கு மேற்பட்ட உணவு வகைகள் படைக்கப்பட்டன. ஊதியம் மிகுதி. ஆயினும் ஆங்கிலநாட்டு மூடுபனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓராண்டுக்கு மேல் நில்லாது தாய்நாடு மீண்டார். 1819 இல் ருஷியத் தலைநகருக்குச் சென்றவர் அங்கிருந்தும் விரைவிற் றிரும்பினார். பின்னர்ப் பாரிஸில் செல்வர் ஜேம்ஸ் ராத்ஸ்சைல்டின் இல்லத்திற் சில ஆண்டு பணியாற்றினார்.

ருஷியாவில் உணவு ஒவ்வொன்றாய், சூடாக, முறையே பரிமாறப்படும். பிரெஞ்சு முறையிலோ எல்லாவற்றையும் ஒருங்கே மேசையிற் பரப்பி வைப்பர், கண்ணுக்கு விருந்து, ஆனால் கைக்கு எட்டுமுன் ஆறிவிடும். கரேம் இரண்டையுங் கண்டும் பழைய முறையையே விரும்பினார். இதில் அவர் பிழைபட்டார் என்றே கூறல்வேண்டும். இன்றைய பிஸ்த்ரோவில் ஒருவன் முன் ஆவி பறக்கும் ஒரே தட்டு வந்து நிற்பது ருஷியர் முறையின் வெற்றியாம்.

குழம்பு வகைகளிலோ அவர் சொல்லே நிலைத்தது. எண்ணிறந்த குழம்புகளையெல்லாம் அவர் நான்கு தாய்க் குழம்புகளில் அடக்கினார். எஸ்பானியோல் என்பது வறுத்த எலும்பின் சாற்றாலாய கருங்குழம்பு. வெலுத்தே என்பது வெளிர்சாற்றை வெண்ணெயும் மாவுங் கொண்டு தடிப்பாக்கியது. அதனோடு முட்டைக் கரு சேர்த்தது அல்லமாந்து. பால் அல்லது பாலாடை சேர்ந்தது பெஷமெல். ஏனையவை இவற்றின் வழித்தோன்றல்கள். இலக்கணிகள் வேர்ச்சொற் கண்டு சொற்றொகுதியை வகுப்பதுபோன்ற செயல் இது. பிளாங்கெத்தின் வெண்குழம்பை அல்லமாந்தின் மகளெனலாம். சமையற்காரர் அணியும் உயர்ந்த வெண்தொப்பியை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே என்பர்.

இப்பெருமைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அந்நாளைய மாளிகைகளிற் சமையற் கூடங்கள் பெரும்பாலும் நிலவறைகளில் இருந்தன. கரியடுப்புகள் வரிசையாய் எரியும். காற்றுப் புகுந்தால் உணவு ஆறிவிடும் என்று சாளரங்களையும் அடைத்துவிடுவர். கரிப்புகையே தம்மனோரைக் கொல்லுகின்றது என்பதைக் கரேம் நன்கறிந்திருந்தார். அதனைத் தம் நூலிற் குறித்துமிருக்கின்றார். அறிந்தும் அடுப்பை விட்டாரில்லை. மேலே சரவிளக்கொளியில் உண்டவர் அரசுகளை மாற்றினர். கீழே புகையில் நின்றவர் இருமினர். விருந்தைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை மறத்தல் முறையன்று.

நாற்பது வயது கடந்தபின் உடல் நலிந்தது. பிரபுக்கள் அழைத்தும் செல்லாமல், தாம் கற்றவையனைத்தையும் எழுதிவைக்க முற்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சமையற்கலை என்னும் அப்பெருநூல் 1833 முதல் வெளிவரலாயிற்று. பேரரசர் மேசைகளைக் கண்டவர் அந்நூலை எதிலிருந்து தொடங்கினார்? பொத்தோபேயிலிருந்தே தொடங்கினார். ஓர் எளிய குடும்பத்துப் பெண் மட்பானையில் இறைச்சியிட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்போரத்தில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுகின்றாள். நுரையை நீக்கி உப்பிடுகின்றாள். கிழங்குகளையும் கீரைத்தண்டுகளையும் பின்னர்ச் சேர்க்கின்றாள். வேதியியல் ஒன்றுமறியாத அவள் செய்கை அறிவியலோடு முற்றும் ஒத்திருக்கின்றதென விளக்கி, அவளையே முதல் ஆசிரியையாக நிறுத்துகின்றார். தெருவிற் கைவிடப்பட்ட மாலையில் உண்டது யாதென அவர் எழுதவில்லை. ஆனால் அப்பக்கங்களைப் பற்றி அறியும்போது, கதவு திறந்த அவ்வேழைக் கடையின் அடுப்பே எம் கண்முன் நிற்கின்றது.

இறுதி நோயிற் படுக்கையிலிருந்தபடியே சொல்லச் சொல்ல, அவர் மகள் எழுதினாள் என்பர். அந்நாட்களில் மாணவர் ஒருவர் மீனிறைச்சி உருண்டைகள் சமைத்துக் கொணர்ந்தாராம். கரேம் சுவைத்துப் பார்த்து, நன்றாக உள்ளதென்றும், ஆனால் விரைந்து செய்யப்பட்டதென்றும், சட்டியை இன்னும் மெல்ல அசைத்திருக்கவேண்டுமென்றும் கூறி, தளர்ந்த கையை உயர்த்தி அசைத்துக் காட்டினாராம். 1833 ஜனவரி 12 ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வயது ஐம்பதும் நிரம்பவில்லை. மோன்மார்த்தர் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டார். முற்றுப்பெறாதிருந்த பெருநூலின் எஞ்சிய இரு பகுதிகளையும், பாரிஸில் ருஷியத் தூதரின் சமையற்காரராயிருந்த ப்ளூமரே என்பவர் எழுதி முடித்தார்.