சர் பிட்டி தியாகராயரின் மாநகராட்சி வாழ்வு: வடசென்னையும் உள்ளாட்சித் திட்டமிடலும்

ஆய்வுச்சுருக்கம்

சர் பிட்டி தியாகராயர் (1852–1925) நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் பணியாற்றியவர் என்பதும், மன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவர் என்பதும் அக்கட்சி வரலாற்றின் முன்குறிப்பாக மட்டுமே சுட்டப்பெறுகின்றன. வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்து, அங்கேயே தொழில் நடத்திய அவரது வாழ்வை உள்ளாட்சி வரலாற்றின் வழியே இக்கட்டுரை மீள நோக்குகிறது. பிரதிநிதித்துவம், நிதி, எல்லை என்னும் மூன்று கூறுகளும் ஒருங்கே அமையாதபோது உள்ளாட்சித் திட்டமிடல் எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பதை அவரது வாழ்வின் நிகழ்வுகள் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தியாகராயர், சென்னை மாநகராட்சி, வண்ணாரப்பேட்டை, நண்பகல் உணவு, துறைமுகப் பொறுப்புக் கழகம், அதிகாரப் பரவல்.

1. முன்னுரை

அதிகாரப் பரவலாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் 1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களிலிருந்தோ, கேரளத்தில் 1996இல் தொடங்கப்பெற்ற மக்கள் திட்ட இயக்கத்திலிருந்தோ தொடங்குகின்றன. ஒரு நகரத்தின் தேவையை அந்நகரத்து மன்றமே கண்டறிந்து, தன் வருவாயிலிருந்து பணம் ஒதுக்கி, தானே நிறைவேற்றும் முயற்சி அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே சென்னையில் நிகழ்ந்துள்ளது. அம்முயற்சியின் நடுவே நின்றவர் தியாகராயர். அவரது அரசியல் பணிகள் விரிவாக எழுதப்பட்டுள்ளமையால் அவற்றைச் சுருக்கி, நகராட்சிப் பணிகளை இங்கு விரித்துரைக்கிறோம்.

2. பிறப்பும் தொழிலும்

தெலுங்கு பேசும் தேவாங்கர் குடியில் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று தியாகராயர் பிறந்தார். நெசவு அக்குடியின் மரபுத் தொழில். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற பின்னரும் அரசுப் பதவியை நாடாது குடும்பத் தொழிலையே அவர் விரிவுபடுத்தினார்.

அவர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையின் பெயரே அதன் பொருளியல் வரலாற்றைக் கூறும். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய பகுதி அது. துணி வணிகத்தின் பொருட்டு உருவான அப்பகுதியில் தியாகராயர் ஏறத்தாழ நூறு தறிகளைக் கொண்ட நெசவுக்கூடத்தை நிறுவினார். வீட்டுத் தறியில் தனித்தனியே நெய்த நெசவாளரை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்ததும், விசைநாடாத் தறியைச் சோதித்துப் பார்த்ததும் அக்காலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றங்கள். 1909இல் தொடங்கப்பெற்ற தென்னிந்திய வர்த்தகக் கழகத்தின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார்.

அவர் வாழ்நாளில் வடசென்னை விரைந்து உருமாறியது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்டபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. பின்னர் அது மீளக் கட்டப்பெற்றது. துறைமுகமும் இருப்புப்பாதையும் ஆலைகளும் தொழிலாளரை ஈர்த்தன. குடிநீர், வடிகால், பள்ளி, மருத்துவம் ஆகியவற்றின் தேவை பெருகியது. இத்தேவைகளைக் கண்டு வளர்ந்த ஒருவர் நகராட்சி மன்றத்துள் நுழைந்தமை இயல்பே.

3. மன்றத்தில் நாற்பது ஆண்டுகள்

தியாகராயர் 1882இல் மாநகராட்சி உறுப்பினரானார். அதே ஆண்டு மே 18 அன்று ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். நிருவாகத் திறன் ஒருபுறமிருக்க, மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிக்கும் களமாகவும் உள்ளாட்சி அமைதல் வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் உட்கிடை. அக்கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்த தொலைவைத் தியாகராயர் தம் நாற்பதாண்டுப் பணியில் நேரில் கண்டார்.

சென்னை மாநகராட்சி 1687ஆம் ஆண்டுச் சாசனத்தால் 1688இல் தோன்றியது. ஆயினும் வரி செலுத்துவோரின் குரல் அதனுள் ஒலிக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டுக் கோட்டங்களாகப் பகுத்து 32 உறுப்பினரை நியமிக்க வழி செய்தது. 1878இல் அவர்களுள் பாதிப் பேரும், 1884இல் 24 பேரும் தேர்தல்வழி வரலாயினர். 1904ஆம் ஆண்டுச் சட்டமோ இவ்வளர்ச்சியைப் பின்னுக்கு இழுத்தது. மொத்த உறுப்பினர் 36 ஆக உயர்ந்தபோது, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 20 ஆகக் குறைந்தன. வணிக அமைப்புகளுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பெற்றன. அதிகாரப் பரவல் என்பது ஒரே திசையில் செல்லும் பயணமன்று. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் மேலுள்ள அரசால் இயலும் என்பதை இது உணர்த்துகிறது.

மன்றத்தில் தியாகராயருக்கு நிகராக நின்றவர் மருத்துவர் டி. எம். நாயர். இருவரும் நகராட்சி விவகாரங்களில் பலமுறை எதிரெதிர் நிலை எடுத்தவர்கள். மருத்துவர் சி. நடேசனார் இடைநின்று இருவரையும் இணைத்ததன் விளைவாகவே 1916 நவம்பரில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் உருவாயிற்று. பின்னாளில் மாகாணத்தை ஆண்ட கட்சியின் தலைவர்கள் இருவரும் தம் பொதுவாழ்வைச் சாலை, நீர், வடிகால், வரி பற்றிய விவாதங்களில் தொடங்கினர் என்பது கருதத்தக்கது. உள்ளாட்சி அரசியல் பயிற்சிக்களம் என்ற ரிப்பனின் எதிர்பார்ப்பு இவ்வகையில் மெய்ப்பட்டது எனலாம்.

1913இல் மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவிலிருந்து புதிய ரிப்பன் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கி, செங்குன்றம் ஏரியின் நீரை வடிகட்டி நகருக்கு வழங்கியது. மாநகராட்சியின் திட்டமிடும் ஆற்றல் வளர்ந்த காலம் இது.

4. தலைவர் பதவியும் நண்பகல் உணவும்

1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் நகரை 30 கோட்டங்களாக்கி, உறுப்பினர் எண்ணிக்கையை 50 ஆக்கியது. மன்றம் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் நிருவாகப் பொறுப்பு ஆணையரைச் சாரும் என்றும் அது வகுத்தது. அவ்வகையில் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவர் தியாகராயரே. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரது கட்சி வெற்றி பெற்றபோது முதலமைச்சர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அதனை அவர் ஏற்கவில்லை, அ. சுப்பராயலு ரெட்டியார் அப்பொறுப்பை ஏற்றார். தியாகராயர் ரிப்பன் மாளிகையிலேயே தொடர்ந்தார்.

அவர் தலைமையில் மன்றம் மேற்கொண்ட பணிகளுள் முதன்மையானது, 1920இல் ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கப்பெற்ற உணவுத் திட்டம். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வாராமைக்குப் பசி ஒரு காரணம் என்பதே அதன் அடிப்படை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது.

இத்திட்டத்தின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. தேவையை அறிந்தது உள்ளூர் மன்றம். ஒரு பள்ளியில் சோதித்து, பயன் கண்டு, படிப்படியாக விரித்ததும் அதுவே. செலவின் வரம்பையும் அதுவே வகுத்தது. இன்று உள்ளாட்சித் திட்டமிடலின் இலக்கணமாகக் கூறப்படும் கூறுகள் யாவும் இங்கு உள்ளன.

அது நின்றுபோன காரணமும் அவ்வளவே இன்றியமையாதது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்கவில்லை. அதனால் 1925இல், தியாகராயர் மறைந்த அதே ஆண்டில், திட்டம் நின்றது. திட்டமிட அதிகாரம் இருந்தது. நிதியைத் திட்டத்திற்கேற்பப் பயன்படுத்தும் அதிகாரம் இல்லை. உள்ளாட்சித் துறை இரட்டையாட்சியில் இந்திய அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டு, அதனைத் தியாகராயரின் கட்சியே வகித்தபோதும் இந்நிலை மாறவில்லை. ஒரே கட்சி இரு நிலைகளிலும் ஆட்சி செய்வதால் மட்டும் அதிகாரப் பரவல் நிகழ்ந்துவிடாது என்பதற்கு இது சான்று. பின்னாளில் 1956, 1982 ஆகிய ஆண்டுகளில் மாநில அரசு நடத்திய உணவுத் திட்டங்களும், 2022ஆம் ஆண்டின் காலை உணவுத் திட்டமும் இதன் வழித்தோன்றல்கள். ஆனால் அவை மேலிருந்து கீழ்நோக்கி வந்தவை; 1920ஆம் ஆண்டுத் திட்டம் மன்றத்திலிருந்து எழுந்தது.

5. எல்லைகள்: துறைமுகமும் ஆலையும்

தியாகராயரின் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த துறைமுகம் அவரது மன்றத்தின் ஆளுகைக்குள் முழுமையாக வரவில்லை. 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அது துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கையில் இருந்தது. இருப்புப்பாதை நிலங்களுக்கும் தனி ஆட்சி இருந்தது. சரக்கு வண்டிகளின் நெரிசலும் தூசியும், தொழிலாளர் குடியிருப்புகளின் நெருக்கமும் மாநகராட்சியின் தெருக்களில் வந்து குவிந்தன. அவற்றை விளைவித்த நிலங்களைப் பற்றிய முடிவுகளோ வேறிடத்தில் எடுக்கப்பட்டன. வடசென்னையின் நிலப்பரப்பு இவ்வாறு பல ஆட்சிகளாகத் துண்டுபட்டமை அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

எல்லை நிலத்தைப் பொறுத்தது மட்டுமன்று. மக்களைப் பொறுத்ததும் ஆகும். வரி செலுத்தும் தகுதியை அடிப்படையாகக் கொண்ட வாக்குரிமையில் ஆலைத் தொழிலாளருக்கும் ஆதி திராவிடர் குடியிருப்புகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. 1921இல் பெரம்பூர்ப் பக்கிங்காம், கர்நாடக ஆலைகளின் வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதி மோதலாக வெடித்தபோது இக்குறை வெளிப்பட்டது. ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பியிருந்தனர். தியாகராயரும் அவர் கட்சி இதழும் அரசு ஆதி திராவிடருக்கு மிகுதியாகப் பரிந்துநடந்ததே மோதலுக்குக் காரணம் எனக் குற்றஞ்சாட்டினர். இதனால் புண்பட்ட எம். சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். பிராமணரல்லாதார் யாவருக்கும் பொதுவான பிரதிநிதித்துவம் கோரிய தலைவர், தம் வீட்டுக்கு அணித்தே குடிசைகள் எரிந்த வேளையில் அவற்றில் வாழ்ந்தோரின் சார்பில் பேசவில்லை. அவரது பணியை மதிப்பிடுவோர் இந்நிகழ்வைக் கடந்துபோதல் இயலாது. மன்றத்தில் இடம்பெறாதோரின் தேவை திட்டத்திலும் இடம்பெறாது போகும் என்னும் பாடத்தை இது தருகிறது.

6. பெயரும் நகரமும்

1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் நகராட்சிகளுக்குத் திட்டமிட்ட விரிவாக்கத்திற்கு வழி வகுத்தது. மாம்பலம் பகுதியில் பரந்து கிடந்த நெடிய ஏரியின் நிலத்தில் 1920களில் புதிய குடியிருப்பு எழுந்தது. அகன்ற சாலைகளும் நடுவே பூங்காவும் கொண்ட அப்பகுதிக்குத் தியாகராய நகர் எனப் பெயரிடப்பட்டது. வடக்கில் வாழ்ந்தவரின் பெயர் தெற்கின் திட்டமிட்ட நகருக்குச் சூட்டப்பட்டது. அவர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டை அத்தகைய திட்டத்தைப் பெறவில்லை. அங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்பது 1950இல் நிறுவப்பெற்ற கல்லூரியும், அதன் பெயரால் 2021இல் திறக்கப்பெற்ற மெட்ரோ நிலையமுமே.

இந்த வேறுபாடு பின்னர் மேலும் ஆழமாயிற்று. எண்ணூரில் அனல்மின் நிலையமும், மணலியில் எண்ணெய், வேதித் தொழில்களும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் அமைந்தன. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011 வரை தனி நகராட்சிகள். அவ்வாண்டில்தான் 200 கோட்டங்களாக விரிந்த மாநகராட்சியுள் இணைந்தன. 2016 முதல் 2022 தொடக்கம் வரை அம்மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றமே இல்லை. நகரமைப்பை நகராட்சிக்குரிய முதற்பொருளாகப் பன்னிரண்டாம் அட்டவணை குறிப்பிடுகிறது. பெருநகர்த் திட்டக்குழுவில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும் என அரசியலமைப்பு கூறுகிறது. எனினும் முழுமைத் திட்டத்தை வகுப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் வாழ்வைக் குலைத்தது. அக்கழிமுகத்தைச் சூழ்ந்த பெருந்தொழில்களின் அமைவிடத்தை அங்குள்ள மக்கள் தேர்ந்தெடுத்த எம்மன்றமும் முடிவு செய்ததில்லை.

7. முடிவுரை

வெண்ணிற உடையே உடுத்தியமையால் வெள்ளுடை வேந்தர் எனப்பட்ட தியாகராயரின் சிலை ரிப்பன் மாளிகையின் முன் நிற்கிறது. நீதிக்கட்சியின் தலைவர் என்பதற்கு மேலாக, நகராட்சி மன்ற உறுப்பினர் என்ற நிலையில் அவர் விட்டுச்சென்ற சான்றுகள் மூன்று.

முதலாவது, உள்ளூர் மன்றம் தேவையை அறிந்து புதுமையாகத் திட்டமிட வல்லது என்பதை நண்பகல் உணவுத் திட்டம் நிறுவியது. இரண்டாவது, நிதியுரிமையின்றி அத்திறன் நிலைக்காது என்பதை அத்திட்டத்தின் முடிவு காட்டியது. மூன்றாவது, ஆளுகை எல்லையும் பிரதிநிதித்துவமும் குறைவுபட்ட இடத்தில் திட்டமும் குறைவுபடும் என்பதைத் துறைமுகமும் புளியந்தோப்பும் உணர்த்தின.

இம்மூன்றும் வடசென்னையில் இன்றும் தீராத வினாக்களாகவே உள்ளன. எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய பகுதிகளின் கோட்டக் குழுக்களும் பகுதி சபைகளும் தம் நிலத்தைப் பற்றி எதனை முடிவு செய்ய இயலும், எதனைக் கேட்டுக்கொள்ள மட்டுமே இயலும் என்பது தனித்து ஆராயத்தக்கது. அவ்வாய்வுக்கு மாநகராட்சியின் பழைய நடவடிக்கைப் பதிவேடுகளும், அவற்றின் நடுவே அமைந்த தியாகராயரின் நாற்பதாண்டு வாழ்வும் தக்க தொடக்கமாகும்.