வானலைக்கு வழி கண்ட ஜகதீச சந்திர போஸ்



சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு வீட்டின் மேல் உயரமான கம்பம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அமெச்சூர் வானொலிக்காரர் ஒருவரின் ஏரியலாக இருக்கலாம். அரசாங்க லைசென்சு எடுத்து, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நண்பர்களோடு வானலையில் பேசுகிறவர்கள் அவர்கள். கம்பத்திலிருந்து இறங்கும் கறுப்புக் கேபிளை வெட்டிப் பார்த்தால், நடுவில் செப்புக் கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதன்மேல் உலோக வலை இருக்கும். அலை வெளியே சிதறாமல் உள்ளேயே ஓடத்தான் இந்த ஏற்பாடு. கேபிள் நீள நீள அலை வலுவிழக்கும். மூட்டில் மழைத்தண்ணீர் இறங்கினால் வந்தது வினை!

கண்ணுக்குத் தெரியாத இந்த அலையை அனுப்பவும், பிடிக்கவும், உலோகக் குழாய் வழியே செலுத்தவும் ஆதியில் வழி கண்டவர்களில் ஒருவர் ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பெரிய அரசாங்க உத்தியோகஸ்தர். வசதியானவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் வேலைக்காரர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அப்படிப் படித்தவர்தான் பிறகு கேம்பிரிட்ஜ் வரை போனார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்றார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருஷம் ஒரு காசு வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் மேலிடம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணத்தில் தந்தையின் கடனை அடைத்தார். உழைத்துப் பிழைக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ 24 சதுர அடி அறை. கருவிகளை ஒரு தகரக் கொல்லரை வைத்தே செய்துகொண்டார். 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கம்பி இல்லாமலே, சுவருக்கு அப்பால் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். ஒரு மைல் தள்ளியிருந்த தம் வீட்டிலும் கல்லூரியிலும் கம்பம் நட்டுச் சைகை அனுப்பத் திட்டம் போட்டார். அதற்குள் இங்கிலாந்துப் பயணம் வந்துவிட்டது. 1897-இல் லண்டன் அறிஞர் சபையில் தம் கருவிகளை விளக்கினார்.

காப்புரிமை எடுத்துப் பணம் சேர்க்க அவருக்கு மனமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்த ஒன்றுக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோர்களே, தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று கவலைப்படுகிறீர்களா? இந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மாணவ மணிகளே, அறை சிறிதாக இருக்கிறதே, கருவி இல்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். அந்த மேதைக்குக் கிடைத்த அறை நம் வீட்டு அடுப்படி அளவுதான்!

வாழ்க கல்வி! வளர்க தமிழ்ப்பள்ளி!